இணையச் செல்வாக்கும் கருத்துக்கணிப்பும்

ஒரு வேட்பாளருக்கு இணையத்தில் தெரியும் ஆதரவும் கருத்துக்கணிப்பில் பதிவாகும் ஆதரவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. முன்னது, தாமாக முன்வந்து பேசியவர்களின் தொகை. பின்னது, கேட்காவிட்டால் வாய் திறக்காதவர்களையும் தேடிப்பிடித்துக் கேட்டுப் பெறும் மதிப்பீடு. இந்த இடைவெளிக்கு நன்கு பதிவாகியுள்ள எடுத்துக்காட்டு, 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில் ரான் பால் கண்ட எழுச்சியும் முடிவும்.

அப்போது டெக்சாஸைச் சேர்ந்த பிரதிநிதிகள் அவை உறுப்பினராக இருந்த பால், மகப்பேறு மருத்துவர். ஈராக் போரை எதிர்த்தார். ஃபெடரல் ரிசர்வ் என்னும் மத்திய வங்கியை மூட வேண்டும் என்றார். அவருடைய கட்சி மேடையில் அன்று அரிதாகக் கேட்ட பேச்சு இது. கேட்டவர்களில் பலர் தீவிரத் தொண்டர்களாகவே மாறினார்கள். 2007 அக்டோபரில் மிச்சிகனில் நடந்த விவாதத்துக்குப் பிறகு, வென்றது யார் என்று சிஎன்பிசி தொலைக்காட்சி தன் இணையதளத்தில் கேட்டது. பதிவான ஏழாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் 75 விழுக்காடு பாலுக்குக் கிடைத்தது. நிறுவனம் அந்த வாக்கெடுப்பையே நீக்கியது, ஆதரவாளர்கள் கொதித்தார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் உண்டு. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, வந்தவர்களைக் குறை சொல்வது முறையாகாது. ஆனால் அந்த 75 விழுக்காட்டை நாட்டின் கருத்தாக எடுத்துக்கொள்ளவும் வழியில்லை.

பணமும் இணையம் வழியே குவிந்தது. 2007 நவம்பர் 5 அன்று ஒரே நாளில் 40 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. பாஸ்டன் தேநீர் விருந்து என்ற வரலாற்றுப் போராட்டத்தின் நினைவுநாளான டிசம்பர் 16 அன்று சுமார் 60 லட்சம் டாலர் சேர்ந்தது. ஆனால் அயோவாவில் டி மாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழின் இறுதிக் கணிப்பு அவருக்கு 9 விழுக்காடுதான் தந்தது. 2008 ஜனவரி 3 அன்று அங்கு நடந்த வாக்கெடுப்பில் அவர் பெற்றது 10 விழுக்காடு, ஐந்தாம் இடம். ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் 8 விழுக்காடு. அங்கும் ஐந்தாம் இடமே.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். டிசம்பர் 16 அன்று நன்கொடை கொடுத்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். இணையத்தில் எந்த வாக்கெடுப்பையும் நிரப்பிவிடப் போதுமான கூட்டம் அது. ஆனால் 2008-இல் குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தல்களில் வாக்களித்தோர் சுமார் 2 கோடிப் பேர். அந்தக் கூட்டம் முழுவதும் இதில் கால் விழுக்காட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதிலும் அவர்கள் ஐம்பது மாநிலங்களில் சிதறிக் கிடந்தார்கள். இணையத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு நூறு முறை எழுதலாம். வேறு மாநிலத்தவர், வாக்காளராகப் பதியாதவர், பதினெட்டு வயது நிரம்பாதவர் எல்லோரும் எழுதலாம். வாக்குச்சாவடியில் ஆளுக்கு ஒரு வாக்கு. அரைமனதோடு போடும் வாக்குக்கும் உயிரைக் கொடுத்துப் போடும் வாக்குக்கும் அங்கே ஒரே எடை.

கருத்துக்கணிப்பு வேறு தத்துவத்தில் இயங்குகிறது. யாரைக் கேட்பது என்பதைக் கணிப்பாளர் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார். பதில் சொல்பவரின் ஆர்வத்துக்கு அதில் பங்கில்லை. அப்படி எடுத்த ஆயிரம் பேர் மாதிரியில் கூறெடுப்புப் பிழை ஏறக்குறைய 3 விழுக்காட்டுப் புள்ளிகள். மாதிரி பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதை 1936-லேயே அமெரிக்கா பார்த்துவிட்டது. லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்று, அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டே மாநிலங்கள். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களைக் கொண்டு முகவரி சேர்த்ததும், சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் மட்டுமே எண்ணப்பட்டதும் அதைக் கவிழ்த்தன.

சமூக ஊடகங்கள் வந்தபின்னும் நிலைமை மாறவில்லை. 2009 ஜெர்மனித் தேர்தலில் கட்சிகள் ட்விட்டரில் பெயர் சொல்லப்பட்ட விகிதம் வாக்கு விகிதத்தோடு பொருந்தியது என்று ஓர் ஆய்வு கூறியது. ஆய்வில் விடுபட்ட பைரேட் கட்சியையும் சேர்த்தால் அதுவே முதலிடம் பெற்றிருக்கும் என்று மறுப்பு எழுதிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அக்கட்சி உண்மையில் பெற்ற வாக்கு 2 விழுக்காடு. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, வயதுவந்தோரில் 22 விழுக்காட்டினரே ட்விட்டர் பயன்படுத்தினர். அவர்களிலும் பத்தில் ஒரு பங்கினர்தான் 80 விழுக்காடு பதிவுகளை எழுதினர்.

பாலின் ஆதரவாளர்கள் ஒரு மறுப்பு வைத்தார்கள்: கணிப்பாளர்கள் வீட்டுத் தொலைபேசிக்கே அழைக்கிறார்கள், கைபேசி மட்டுமே வைத்திருக்கும் இளைஞர்கள் விடுபடுகிறார்கள் என்று. இது மேம்போக்கான வாதமல்ல. 2007 இறுதியில் ஏறத்தாழ 16 விழுக்காடு அமெரிக்க வீடுகளில் கைபேசி மட்டுமே இருந்தது. கணிப்பு நிறுவனங்கள் பின்னர் தம் முறையை மாற்றிக்கொள்ளவும் நேர்ந்தது. ஆயினும் அயோவாவில் கணிப்புக்கும் முடிவுக்கும் இருந்த வேறுபாடு ஒரே ஒரு புள்ளி.

இணையத்தில் திரண்ட உறுதி வீண்போனது என்று இதற்குப் பொருளில்லை. உறுதிக்கு மதிப்புள்ள இடங்களில் அது பலன் தந்தது. 2012-இல் பால் மீண்டும் போட்டியிட்டு அயோவாவில் 21 விழுக்காட்டுடன் மூன்றாம் இடம் பெற்றார். அங்கே வாக்கெடுப்பு முடிந்தபின் வட்டார, மாவட்ட, மாநிலக் கூட்டங்கள் மாதக்கணக்கில் நடந்து, தேசிய மாநாட்டுக்கான பேராளர்களைத் தேர்ந்தெடுத்தன. மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகும் அவருடைய ஆட்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்டில் டாம்பாவில் கூடிய தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 பேராளர் வாக்குகளில் 22 ரான் பாலுக்கு விழுந்தன.