கையொப்பம் வேண்டாத விதி

திறைசேரியின் திறப்பு மக்கட் பிரதிநிதிகளின் கையில் இருத்தல் வேண்டும் என்பது குடியாட்சியின் பழைய கோட்பாடு. ஆனால், பெட்டியினுள் இருப்பது இன்னதென்று அறியாதவனுக்குத் திறப்பினாற் பயன் யாது? ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றத்தை இவ்வினா நெடுங்காலம் வருத்தியது.

அம்மாநிலத்தில் வரவுசெலவுத் திட்டத்தை வகுத்து மன்றத்தின் முன் வைக்கும் பொறுப்பு, 1922ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஆளுநருக்கு உரியதாயிற்று. கணக்கறிந்த உத்தியோகத்தர்கள் அவருடைய நிதித் திணைக்களத்தில் இருந்தனர். மன்றமோ அக்காலத்தில் ஈராண்டுக்கு ஒருமுறையே கிரமமாகக் கூடிற்று. அங்கத்தவர்கள் தத்தம் தொழிலை விட்டுச் சக்கரமெந்தோ நகருக்கு வந்து, ஈராண்டுச் செலவுக்கும் ஒருசேர அனுமதி வழங்கிவிட்டு மீள்வர். ஒரு தொகை மிகையோ என்று ஐயுற்றால், அத்தொகையைக் கேட்டவர்களையே விசாரிக்கவேண்டியிருந்தது.

1939இல் கல்பேட் ஓல்சன் ஆளுநரானார். நாற்பது ஆண்டுகளின் பின் அப்பதவியை அடைந்த முதலாவது ஜனநாயகக் கட்சியினர் அவர். வேலையற்றோர் நிவாரணச் செலவு பற்றி அவருக்கும் மன்றத்துக்குமிடையே பூசல் மூண்டது. 1941இல், தனக்கெனவே ஒரு கணக்காய்வாளரை நியமிக்கும் மசோதாவை மன்றம் நிறைவேற்றியது. ஓல்சன் அதனைச் சட்டமாக விடவில்லை.

மன்றம் அப்போது கண்ட வழி எளியது. சட்டத்துக்குத்தான் ஆளுநரின் கையொப்பம் வேண்டும். இரு சபைகளும் தம் நடைமுறைக்கென வகுக்கும் கூட்டு விதிக்கு அது வேண்டியதில்லை. ஆகவே, அவ்வாண்டிலேயே கூட்டு விதியொன்றினால் கூட்டு வரவுசெலவுக் குழு அமைந்தது. செனற் சபையும் கீழ்ச்சபையும் அதற்கு அங்கத்தவர்களை அளித்தன. ஆளுநர் தடுத்த கணக்காய்வாளர் அக்குழுவின் ஊழியராக வந்து சேர்ந்தார்! ஆளுநர் மீதிருந்த பகையும் இதில் ஓரளவு கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், 1942ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓல்சன் தோற்று, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஏர்ள் வாரன் வென்ற பின்பும் குழு கலையவில்லை. பகை தீர்ந்தும் தேவை தீரவில்லை.

குழுவின் மதிப்பை உயர்த்தியவர் அலன் போஸ்ட். ஓவியம் தீட்டுவதில் ஈடுபாடுடைய இவர் 1949 முதல் 1977 வரை அப்பணியகத்தை நடத்தினார். அக்காலத்தில் ஐந்து ஆளுநர்கள் பதவி வகித்தனர். எக்கட்சியினர் ஆண்டாலும், அவர்களது திட்டத்தை உருப்படி உருப்படியாக ஆராய்ந்து, தேவையற்றதைத் தேவையற்றதென்றே எழுதினார் போஸ்ட். கணக்காய்வாளர் என்ற பெயரும் அவர் காலத்திலேயே பகுப்பாய்வாளர் என மாறிற்று. 1974இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனக்கென வரவுசெலவு அலுவலகம் ஒன்றை நிறுவியபோது, சக்கரமெந்தோவின் அனுபவம் அதற்கு முன்மாதிரியாக இருந்தது.

ஆளுநரின் பேனாவுக்கு எட்டாத இப்பணியகம் வாக்காளரின் கைக்கு எட்டிற்று. 1990இல் அவர்கள் ஏற்ற பிரேரணையொன்று மன்றத்தின் செலவைக் கடுமையாகக் குறைக்கவே, பணியகம் தன் ஊழியரில் பாதிக்கு மேற்பட்டோரை இழந்தது. எஞ்சியோர் பணியைத் தொடர்ந்தனர். இன்று குழுவில் ஒவ்வொரு சபையிலிருந்தும் எண்மர் உள்ளனர். ஆண்டுதோறும் ஜனவரி 10ஆம் திகதிக்குள் ஆளுநரின் திட்டம் வருகிறது; அதைத் தொடர்ந்து பகுப்பாய்வாளரின் மதிப்பீடும் வருகிறது.