தொலைக்காட்சியும் குழந்தையின் மூளையும்: லயன் காம்பராவில் குறைந்துபோகும் பேச்சு

புசல்லாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளைப் பிள்ளைமடுவத்தில் விட்டுச் செல்கிறார்கள். கொழுந்து நிறுத்து வீடு திரும்ப மாலையாகிவிடும். அதன்பின் தூங்கும்வரை உள்ள சில மணித்தியாலங்களே தாயும் பிள்ளையும் பேசிக்கொள்ளக் கிடைப்பவை. நான் போய்வரும் பல வீடுகளில் அந்த நேரத்தில்தான் தொலைக்காட்சி ஓடுகிறது. சிறிய லயன் காம்பராவில் அதன் சத்தத்திலிருந்து எந்தப் பிள்ளையும் விலகியிருக்க முடியாது.

பிறந்து முதல் சில ஆண்டுகளில் குழந்தையின் மூளையில் ஒவ்வொரு நொடியும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிணைப்புகள் உருவாகின்றன. அடிக்கடி பயன்படும் இணைப்புகள் பலப்படுகின்றன, பயன்படாதவை நீங்கிவிடுகின்றன. குழந்தை ஓர் ஒலி எழுப்ப, நாம் முகம் பார்த்துப் பதில் சொல்ல, அது மீண்டும் ஒலி எழுப்புகிறது. மொழிக்கான இணைப்புகளைப் பலப்படுத்துவது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். தொலைக்காட்சி பேசும். ஆனால் குழந்தையின் பதிலுக்காகக் காத்திருக்காது.

அமெரிக்க ஆய்வாளர் பட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 9 மாதக் குழந்தைகளுடன் ஒருவர் நேரில் இருந்து சீன மொழி பேசியபோது, அம்மொழியின் ஒலிகளை அவர்கள் வேறுபடுத்தி அறியக் கற்றார்கள். அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை.

டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் ஏறத்தாழ 770 குறைந்திருந்தன. குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள்.

2019இல் 3 முதல் 5 வயதுவரையான 47 பிள்ளைகளின் மூளை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராயப்பட்டது. திரையை அதிகம் பார்த்தவர்களில், மொழிக்கும் எழுத்தறிவுக்கும் உதவும் வெண்ணிழைகளின் கட்டமைப்பு குறைவாக வளர்ந்திருந்தது. இது சிறிய ஆய்வு. திரைதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எனினும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

போரைக் கடந்துவந்த குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இழப்புகளைச் சுமக்கும் பெரியவர்களுக்குப் பேசவே மனம் வராத நாட்கள் உண்டு. அந்த மௌனத்தைத் தொலைக்காட்சி நிரப்புகிறது. அதில் குண்டுவெடிப்பும் சடலங்களும் திரும்பத் திரும்ப வரும்போது, அது பழைய காட்சி என்பது சின்னப் பிள்ளைக்கு விளங்காது. ஒவ்வொரு முறையும் புதிதாக நடப்பதாகவே அது நினைத்துப் பயப்படலாம். செய்தி நேரத்தில் சிறுவர்களை விலக்கி வைப்பது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த அறிவுரை எளிமையானது. 2 வயதுக்குக் கீழ் தொலைக்காட்சி வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது.

வேலைக்களைப்போடு வரும் தாயைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. ஒரு நாடகம் பார்ப்பது அவருக்குக் கிடைக்கும் சிறிய ஓய்வு. நாடகம் முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிடுங்கள். சாப்பாட்டு நேரத்திலும் தூங்குவதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்திலும் அது வேண்டாம். கீரை ஆயும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, கையில் இருப்பதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் கதை சொல்லச் சொல்லுங்கள். பிள்ளையின் மூளைக்குத் தேவையான இந்தப் பேச்சுக்குக் காசு செலவில்லை.