தப்பாத கணக்கு, அகப்படாத ஒளி



இருந்தே தீரும் என்று கணக்குச் சொன்ன ஓர் ஒளியை விஞ்ஞானிகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேடிய கதை இது.

சூடான இளம் விண்மீன்கள் தம்மைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் வாயுவை ஒளிரச் செய்யும்போது, 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா ஒளி பிறக்கிறது. இதற்கு லைமன்-ஆல்ஃபா என்று பெயர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தியோடர் லைமன் 1906-இல் இதை வெளியிட்டார். காற்று இந்த ஒளியை விழுங்கிவிடும். கருவிக்குள் இருந்த காற்றை வெளியேற்றிய பிறகே அவருக்கு அது அகப்பட்டது.

1967-இல் பார்ட்ரிட்ஜ், பீபிள்ஸ் இருவரும், வெகுதொலைவில் உள்ள இளம் விண்மீன் மண்டலங்கள் இந்த ஒளியில் பளிச்சென்று தெரிய வேண்டும் எனக் கணக்கிட்டார்கள். (பீபிள்ஸ் 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்.) ஆனால் தேடியவர்கள் வெறுங்கையுடன் திரும்பினார்கள். 1978-இல் ஏவப்பட்ட புற ஊதா செயற்கைக்கோள் நமக்கு அருகிலுள்ள மண்டலங்களைப் பார்த்தது. அங்கும் ஒளி எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு.

பழி தூசின்மேல் விழுந்தது. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி ஒரு புதிர் போட்டது. தூசு மிகக் குறைந்த ஐ ஸ்விக்கி 18 என்ற குட்டி மண்டலத்தில் அந்த ஒளி வெளியே வரவில்லை. தூசு அதிகமுள்ள ஹாரோ 2-இல் வந்தது!

1998-இல் குந்த் குழுவினர் எட்டு மண்டலங்களின் ஆய்வை வெளியிட்டனர். நான்கில் ஒளி வந்தது. அந்த நான்கிலும் வாயு வெளிநோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. மற்ற நான்கில் வாயு அசையாமல் நின்றது.

காரணம் இதுதான். நிற்கும் ஹைட்ரஜன் அணு ஒவ்வொன்றும் இந்த ஒளியைப் பிடித்து ஏதோ ஒரு திசையில் விடும். அடுத்த அணு மறுபடி பிடிக்கும். திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய பிள்ளை போல ஒளி உள்ளேயே சுற்றும். அப்படிச் சுற்றச் சுற்ற, கொஞ்சம் தூசு இருந்தாலே போதும், விழுங்கிவிடும். ஓடும் ரயிலின் விசில் சுருதி மாறிக் கேட்கும் என்று வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? அதுபோல, பாயும் வாயுவுக்கு இந்த ஒளியின் அலைநீளம் மாறித் தெரியும். அதனால் பிடிக்க முடியாது, ஒளி தப்பிவிடும்.

அதே காலத்தில் ஹவாய்த் தீவிலுள்ள பத்து மீட்டர் கெக் தொலைநோக்கி மூலம், வெகுதொலைவு மண்டலங்களின் லைமன்-ஆல்ஃபா ஒளியும் ஒவ்வொன்றாகக் கிடைக்கத் தொடங்கியது.

1967-இன் கணக்கில் ஒளி பிறப்பது சரியாகவே இருந்தது. அது வெளியேறும் வழிதான் தெரியாமல் இருந்தது. பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். விடை வரவில்லை என்றதும் முழுவதையும் அடித்துவிட வேண்டாம். எந்தப் படி விட்டுப்போனது என்று தேடச் சொல்லுங்கள்.