மேலகிரியில் எல்லைகள்

தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே, மேலகிரி மலைத்தொடரின் மேல், ஒன்றுக்கொன்று தொலைவாகச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களை உள்ளடக்கிய பெட்டமுகிலாளம் ஊராட்சி அமைந்துள்ளது. இருளர்களும், கன்னடம் பேசும் லிங்காயத்துகளும், பிற வேளாண் குடிகளும் வாழும் இம்மலை எவருக்கும் எட்டாத ஒதுக்கிடம் என்றே பொதுவாகக் கருதப்பட்டாலும், அதன் வரலாற்றை உருவாக்கியவை வெளியிலிருந்து அடுத்தடுத்து வரையப்பட்ட எல்லைக்கோடுகளே ஆகும்.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது, கணவாய்களுக்கு மேலுள்ள பாலாகாட் என்னும் ஓசூர், தேன்கனிக்கோட்டைச் சீமை மைசூரிடமே நின்றது. 1799இல் திப்பு வீழ்ந்த பின்னரே அதுவும் கம்பெனியின் கைக்கு வந்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் இராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவே இரு அரசுகளின் எல்லை ஓடியது என்பதும், 1799இல் தளபதி ஹாரிஸின் படை அவ்வழியாகவே மைசூருக்குள் நுழைந்தது என்பதும் படை வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுகின்றன.

மலைமக்களின் வாழ்வை அதனினும் ஆழமாக மாற்றியது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமே ஆகும். மரத்துக்கும் வருவாய்க்கும் உரியதாக அரசு வரையறுத்து ஒதுக்கிக்கொண்ட காடே ஒதுக்குக்காடு எனப்பட்டது. அதுவரை மழையை நம்பிக் கேழ்வரகும் சாமையும் அவரையும் விளைவித்து, அறுவடைக்குப் பின் மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிச்சென்று, முள்வேலியிட்ட தொழுவமாகிய பட்டியில் மாதக்கணக்கில் அடைத்து மேய்த்த மக்களுக்கு, மேய்ச்சல் என்பது வழிவழி வந்த உரிமை என்னும் நிலை மாறி, கட்டணம் செலுத்திப் பெறும் அனுமதியாயிற்று. காவிரிக்கரைக் காடுகளை நம்பியே உருவான, உழவுக்கும் வண்டிக்கும் பெயர்பெற்ற ஆலம்பாடி மாட்டினம் இன்று அருகியதற்கு உழவு இயந்திரங்களின் வரவோடு, பட்டி மேய்ச்சல் சுருங்கியதும் காரணமாகும். ஒரு நாட்டு மாட்டினம் தேய்வதைக் கால்நடைத் துறையின் கணக்காக மட்டும் கொள்ளாமல், காட்டு வரலாற்றின் பகுதியாகவே படிக்கவேண்டும்.

2014இல் இக்காடுகளை உள்ளடக்கி ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பன்னார்கட்டாவிலிருந்து தளி, சவளகிரி வழியாக ஆண்டுதோறும் வரும் யானைகளுக்கு அது தேவையான காப்பே எனினும், கேழ்வரகு முற்றும் பருவத்தில் பரண்மேல் இரவெல்லாம் விழித்திருந்து வயலைக் காப்பவர்களும் அக்காட்டின் பழைய குடிகளே ஆவர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே பழங்குடியினர் பயன்படுத்திவரும் காட்டு நிலத்தின் மீதான உரிமையை ஏற்கிறது; பட்டியல் பழங்குடியல்லாத பிறரோ அங்கே மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வாழ்ந்ததை மெய்ப்பிக்கவேண்டும். ஒரே மலையில் அடுத்தடுத்து வாழும் இருளரையும் லிங்காயத்துகளையும் இவ்விதி இரு வேறு நிலையில் நிறுத்துகிறது. ஆகவே நிலவரி ஏடுகளோடு, முதியோர் சாட்சியத்தையும் பழைய நீர்நிலை, இடுகாடு, கோயில் முதலியவற்றையும் சான்றாகக் கொள்ள அச்சட்ட விதிகள் இடமளிப்பதும், அவ்வுரிமையை முடிவுசெய்யும் பணியைக் கிராம சபையிலிருந்தே தொடங்குமாறு பணிப்பதும் மேலகிரி ஊர்களுக்கு மிக இன்றியமையாதவை.