மருந்துக்கு அடங்காத கிருமி

நோய் தீரச் செல்லும் ஆஸ்பத்திரியிலேயே புதிய கிருமி தொற்றுவதும், அதற்கு மருந்து பலிக்காமற் போவதும் எவ்வாறு என்பதை இன்று காண்போம்.

1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். 1945-இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, மருந்தைக் குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். பரிசு வாங்குமிடத்தில் இப்படிப் பேசுவோர் குறைவுதான்!

அவர் சொன்னது விரைவில் பலித்தது. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் எனும் அம்மையார், புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியை ஆராய்ந்தார். 1946-இல் பெனிசிலினுக்கு அடங்காதவை சிறு பகுதியே. 1948-இல் பாதிக்கு மேல். ஒரே களைக்கொல்லியைத் தொடர்ந்து தெளித்த இடத்தில் சாகாத புல் மட்டும் மிஞ்சி விதை விடுவதை நாம் தோட்டத்தில் கண்டதில்லையா? அதே கதைதான். மிஞ்சிய கிருமி, கழுவாத கைகள் வழியே படுக்கைக்குப் படுக்கை பரவியது. 1959-இல் மெதிசிலின் என்ற புதுமருந்து உருவானது. 1961-இல் அதற்கும் அடங்காத கிருமி பிரிட்டனில் அறிவிக்கப்பட்டது.

இதில் அதிகம் அகப்படுவோர் முதியோர். வயதால் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. இனிப்புநீர் இருந்தால் மேலும் தளரும். நெடுநாள் படுக்கை, படுக்கைப்புண், சிறுநீர்க் குழாய் ஆகியவை கிருமிக்கு வாசல். அண்மையில் ஆண்டிபயாட்டிக் உட்கொண்டிருப்பது இன்னும் பெரிய காரணம். உடலிலுள்ள நல்ல கிருமிகள் மடிந்து, அடங்காதவற்றுக்கு இடம் விடுகின்றன. ஆகையால் தாத்தா பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்க்கையில், கடந்த மாதங்களில் உண்ட மாத்திரைகளின் உறைகளையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து பலிக்கும் என்பதை டாக்டர் முடிவு செய்ய அவை உதவும். குழாயை எப்போது எடுப்பீர்கள் என்றும் தயங்காமல் கேட்கலாம்.