கனடாவின் தனியிசையும் வானொலியும்

1971 ஜனவரி முதல் கனடாவின் ஏஎம் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் பாடல்களில் 30 விழுக்காடு கனடியப் பாடல்களாக இருக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. இசை, வரிகள், பாடகர், பதிவான இடம் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு கனடாவைச் சேர்ந்திருந்தால் அது கனடியப் பாடல். பின்னாளில் இந்த அளவு 35 ஆனது. வணிக நிலையங்கள் பெரும்பாலும் புகழ்பெற்றவர்களைக் கொண்டே அதை நிரப்பின. பெரிய இசை நிறுவனத்தின் துணையில்லாத கலைஞர்களுக்குக் கல்லூரி வானொலிகளே புகலிடம். 1984இல் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி தொடங்கிய ‘பிரேவ் நியூ வேவ்ஸ்’ நிகழ்ச்சி மாண்ட்ரியாலிலிருந்து நள்ளிரவுக்குப்பின் ஒலித்தது. விழித்திருந்தவர்கள் அதில் புதுப்புதுக் குழுக்களைக் கண்டெடுத்தார்கள். 2000இல் பிறந்த சிபிசி ரேடியோ 3 அந்தத் தேடலை இணையத்துக்குக் கொண்டுவந்தது. 2006இல் விற்பனையைப் பாராமல் தரத்தை மட்டும் பார்க்கும் போலாரிஸ் இசைப் பரிசு வந்தது. முதல் பரிசு இசைக்கலைஞர் ஓவன் பாலெட்டுக்கு. பொது வானொலியும் கல்லூரி வானொலியும் இல்லையேல் கனடியத் தனியிசை இவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது.