படகில் வந்த பழிச்சொல்

யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதும் துடுப்பாட்டம் ‘வடக்கின் பெருஞ்சமர்’. நெடுந்தீவில் வளர்ந்த எங்களுக்கு அதன் சேதி குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து குமுதினிப் படகில் வந்தது. ஓட்ட எண்ணிக்கையைப் பத்திரிகை சரியாகச் சொல்லிவிடும். எந்தக் கல்லூரி அணியானாலும், ஒரு பெடியன் ஏன் விளையாடவில்லை என்பதை அது எழுதாது. அதை இறங்குதுறைப் பேச்சே சொன்னது: அதிபரை எதிர்த்தவனாம், குடித்தவனாம், களவெடுத்தவனாம். காய்ச்சலில் படுத்தவனும் கரை சேருமுன் குற்றவாளி ஆனான். இன்று கைபேசியில் அதே பழி நொடியில் வருகிறது. படகுக்குக் காத்திருந்த நேரமாவது யோசிக்க இடம் தந்தது. ஒழுக்காற்று முடிவை அதிபரும் பெற்றோரும் பேசித் தீர்க்கட்டும். பள்ளிப் பிள்ளையின் பெயரை ஊர்வாயில் போடாதீர்கள்.